மே இருபதும் அக்டோபர் பதினெட்டும்

சென்ற மாதம் பிரியா என்ற இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த சென்னீர்குப்பம் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் இப்போது ஐந்தாம் வகுப்பு அவளிடம் இருக்கிறது. "டீச்சர், அந்தச் சிறப்பு வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு நீங்க பிள்ளைங்களை எப்படித் தயார் பண்ணினீங்க? நோட்ஸ் இருந்தா வாட்ஸப்ல அனுப்புங்களேன்" என்றாள். என்னிடம் நோட்ஸ் இல்லை. இருந்ததையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவள் எதிர்பார்த்தது நான்கு பக்கக் குறிப்பு. எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்தது இதுதான். அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

என் வேலையின் முதல் பாதியில் சொல்ல அதிகம் இல்லை. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டேன். ஐம்பது பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைப்பது எப்படி என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் பிள்ளைகளே சொல்லித் தந்தார்கள். கணவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். திருமணமான பதினோராவது வருடம் மாரடைப்பில் போய்விட்டார். குழந்தை இல்லை. சேக்காட்டில் வீடு, சென்னீர்குப்பத்தில் பள்ளி, நடுவில் இரண்டு பேருந்து. அவ்வளவுதான்.

பள்ளியில் எனக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர் ஞானப்பிரகாசம் சார். என்னை உருவாக்கினார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். யாரையும் உருவாக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. வாயைத் திறந்தால் நான்கு சொல், அதற்குமேல் கேட்டால் முறைப்பார். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, பீரோவின் மேல் தட்டில் வைத்திருப்பார். வருடத்தில் பத்து நாள்தான் அது வெளியே வரும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வராந்தாவில் மேசை போட்டு உட்காருவார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதுவது நான். அடித்தல் திருத்தல் கூடாது, வெள்ளை மை பக்கத்திலேயே வரக்கூடாது.

முதலில் பெயர். அதை அம்மாவிடம் கேட்க மாட்டார், பிள்ளையிடம்தான் கேட்பார். அடுத்து, "காலையில இன்னா சாப்ட்ட?" என்பார். அதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது, ஆனால் ஒரு பிள்ளையையும் அவர் இந்தக் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. பிறகு அப்பா பெயர், வேலை, விலாசம். கடைசியில் பிறந்த தேதி. பிறப்புச் சான்றிதழ் இருந்து, ஐந்து வயதும் முடிந்திருந்தால் சிக்கல் இல்லை. சான்றிதழ் இல்லாமல், ஐந்து முடிய நாலைந்து மாதம் குறைகிற பிள்ளைகள்தான் அதிகம். சார் பிள்ளையைப் பார்ப்பார். வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிற அம்மாவைப் பார்ப்பார். பின்பக்கம் சத்துணவுக் கூடத்தில் புகை வருகிறதா என்று பார்ப்பார். என் பக்கம் திரும்பாமலேயே, "மே பதினஞ்சு" என்பார். அப்படி எழுதினால் ஐந்து வயது முடிந்த கணக்கு. அடுத்த பிள்ளைக்கு "மே இருபது." அதற்கடுத்து "மே இருபத்தஞ்சு." சேர்த்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு மதியம் ஒரு வேளைச் சோறு. சேர்க்காவிட்டால் அது பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்தவர்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "இந்த ஊர்ல மே மாசத்துக்கு மட்டும் அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டார். சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "வெயில் சார்" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை கேட்டேன். "சார், இது பொய்யில்லையா?"

"பொய்தான். எழுதும்மா" என்றார்.

எழுதினேன். இருபது வருடத்துக்கு மேல் எழுதினேன். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அன்றைக்கு இதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை.

அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஜூனில் மும்தாஜ் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மும்தாஜுக்கு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் வெட்டும் வேலை. கணவர் பூந்தமல்லியில் தையல்காரர். மகள் ரிஸ்வானா. சாரிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "ஒங்க பேரு இன்னா?" என்று திருப்பிக் கேட்டாள். சார் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். மும்தாஜிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் இருந்தது. அக்டோபர் பதினெட்டு.

"தீபாளி நெருக்கத்துல பொறந்துச்சு டீச்சர். இவங்க அத்தாவுக்கு மிஷினை உட்டு எந்திரிக்க நேரமில்ல. நான் மட்டும் ஆட்டோ புட்சிகினு போனேன்" என்றாள்.

சார் புகையைப் பார்த்தார். "மே இருபது" என்றார். எழுதினேன்.

ரிஸ்வானா இரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு வருடம் பள்ளிக்கு வரவில்லை. தம்பி பிறந்திருந்தான், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் நான்கு முறை வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுத் திரும்ப அழைத்து வந்தேன். ஒவ்வொரு அக்டோபரிலும் அவள் அத்தா தைத்த புது கவுன் போட்டு, வகுப்பு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பாள். எனக்கு மட்டும் இரண்டு.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் அந்தச் சிறப்பு வகுப்பு பற்றிய சுற்றறிக்கை வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து மாவட்டத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்து, விடுதியோடு படிக்க வைக்கும் அரசுப் பள்ளி. மொத்தம் நாற்பது இடம். நான் பதினோரு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன்.

பிரியா, நீ கேட்ட குறிப்பு இங்கேதான் வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு பயமில்லை, விடைத்தாள்தான் பயம். வரிசை வரிசையாக வட்டங்கள். கறுப்புப் பேனாவால் ஒன்றை நிரப்பிவிட்டால் அழிக்க முடியாது என்றதும் கை நடுங்கி, தெரிந்த விடையையே தப்பாக நிரப்பினார்கள். பெரிய அட்டைகளில் அதே வட்டங்களை வரைந்து, ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்தேன். விடை எதுவோ அந்த வட்டத்தில் கொட்டையை வை. தப்பென்றால் எடு. ஒரு மாதம் கொட்டை, ஒரு மாதம் பென்சில், கடைசிப் பதினைந்து நாள்தான் பேனா. அதற்குள் நடுக்கம் போய்விட்டது.

மனத்திறன் கேள்விகளில் ஒன்று உண்டு. ஒரு தாளை இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்து, மூலையில் வெட்டினால், விரிக்கும்போது எத்தனை இடத்தில் வெட்டு இருக்கும்? நான் "நாலு" என்று மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வானா கையைத் தூக்கினாள்.

"எந்த மூலை டீச்சர்? மடிப்பு மூலையா, ஓரத்து மூலையா? மடிப்புல வெட்டினா நடுவுல ஒண்ணுதான் வரும். கழுத்து வெட்றதுக்கு எங்கத்தா அப்டிதான் வெட்டுவாரு."

வெட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் வந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நாற்பதில் ஒன்று இவளுடையது என்று.

கடைசி இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் அத்தா காலையில் ஸ்கூட்டரில் கொண்டு வந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப் போவார். உரைநடைப் பகுதிகளைப் படிப்பதில் அவள் மெதுவு. அதற்குத்தான் கூப்பிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் பாதி அதற்கு, மீதி எனக்கு. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை நான் சனிக்கிழமைச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். அந்த எட்டு ஞாயிறும் காய் வாங்கினேன், கூட்டு வைத்தேன், அப்பளம் பொரித்தேன். "டீச்சர், ஒங்கூட்ல டிவி சத்தமே கேக்கலியே" என்றாள். போட ஆரம்பித்தேன். அவள் போன பிறகும் போட்டு வைத்திருந்தேன்.

தப்பு நடந்தது விண்ணப்பத்தில். அப்போது தலைமை ஆசிரியை வசந்தி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், நல்ல பெண், எதையும் கடைசி நாளில்தான் கையில் எடுப்பாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பதினோரு படிவங்களை என் மேசையில் வைத்து, ஐந்து மணிக்கு வேண்டும் என்றாள். பத்துப் பிள்ளைகளுக்குப் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். ரிஸ்வானாவுக்குப் பார்க்கவில்லை. அவள் பிறந்த நாள் எனக்குத் தெரியாதா? அக்டோபர் பதினெட்டு என்று எழுதினேன். வசந்தி பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாள்.

பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தால் ரிஸ்வானா தேர்வே எழுதியிருக்க முடியாது. ஜூன் முதல் தேதியன்று பதினொரு வயது முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. இடையில் ஒரு வருடம் போனதால், பதிவேட்டின்படி அவளுக்குப் பதினொன்று முடிந்து பன்னிரண்டு நாள். உண்மையில் அவளுக்கு அப்போது பத்தரை வயதுதான்.

மே மாதம் முடிவு வந்தது. எங்கள் பதினோரு பேரில் ரிஸ்வானா மட்டும் தேர்வாகியிருந்தாள். மும்தாஜ் பள்ளிக்கே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சான்றிதழ் சரிபார்க்க மாவட்ட அலுவலகத்துக்கு நானும் அவர்களோடு போனேன். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். விண்ணப்பத்தையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தட்டினார்.

"இதுல அக்டோபர், இதுல மே. மேன்னா வயசு பன்னெண்டு நாள் தாண்டிடுச்சு. எதும்மா சரி?"

அக்டோபர்தான் சார் என்றேன். நகராட்சியில் வாங்கியிருந்த பிறப்புச் சான்றிதழை மும்தாஜ் நீட்டினாள். அதில் குழந்தையின் பெயர் இல்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

"அந்தக் குழந்தைதான் இந்தப் பொண்ணுன்னு நான் எப்படி நம்புறது? வயசைக் குறைக்க அக்கா தங்கச்சி சான்றிதழைக் கொண்டு வர்றவங்க எத்தனையோ பேர். பதிவேட்டுல எழுதினவங்க யாரு? தெரிஞ்சே மாத்தி எழுதினேன்னு அவங்க எழுத்துல குடுக்கட்டும். திருத்த உத்தரவு போடலாம். நாலு வேலை நாள் தர்றேன்."

வெளியே வந்ததும் மும்தாஜ் கேட்டாள். "இன்னா டீச்சர், கெடச்ச சீட்டு போயிடுமா? ஏதோ பன்னெண்டு நாளுன்றாரு, ஒண்ணும் புரில."

"பார்த்துக்கலாம்" என்றேன். ரிஸ்வானா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வசந்தி கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "டீச்சர், நீங்க ரிட்டயர் ஆக பதினாறு நாள்தான் இருக்கு. இப்படி எழுதிக் குடுத்தா பதினேழு பி வரும்." பதினேழு பி என்றால் பெரிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஆசிரியர்கள் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூட மாட்டார்கள். "பேசாம இருங்க. இல்ல, எழுதித்தான் ஆகணும்னா ஞானப்பிரகாசம் சார் சொன்னார்னு எழுதுங்க. அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே, யார் போய்க் கேக்கப் போறாங்க?"

இரண்டு நாள் நான் ஒன்றும் எழுதவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. பயந்தேன். முப்பத்து நான்கு வருடம் ஒரு கரும்புள்ளி இல்லாமல் வேலை பார்த்தவள் கடைசியில் பொய் எழுதினவள் என்று பெயர் எடுத்துப் போவதா என்று பயந்தேன். சட்டம் அப்படி, என்ன செய்வது என்று மும்தாஜிடம் சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள். நான் எது சொன்னாலும் நம்புகிறவள். அந்த நினைப்புத்தான் என்னை உட்கார விடவில்லை.

மூன்றாம் நாள் எழுதினேன். 'மேற்படி மாணவியின் உண்மையான பிறந்த தேதி அக்டோபர் பதினெட்டு என்று சேர்க்கை நாளன்றே எனக்குத் தெரியும். தெரிந்தே மே இருபது என்று எழுதினேன். பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து.' இவ்வளவுதான்.

வசந்தி படித்துவிட்டு, "சார் பேரே இல்லையே?" என்றாள்.

"அவர் சொன்னார், நான் எழுதினேன். வேண்டாம்னா நான் எழுதாம இருந்திருக்கலாம்."

"பயமா இல்லையா டீச்சர்?"

"பயமாத்தான் இருக்கு. முத்திரை போடு."

நான்காம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேதி திருத்தப்பட்டது. ரிஸ்வானாவுக்கு இடம் உறுதியானது.

மே முப்பத்தொன்றாம் தேதி எனக்குப் பிரிவுபசார விழா. மாலை வாங்கி வாளித் தண்ணீரில் வைத்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் கடிதம் வந்தது. என் மீது விசாரணை நிலுவையில் இருப்பதால் ஓய்வுபெற அனுமதி இல்லை என்று இருந்தது. வசந்தி அழுதாள். நான் என் டம்ளரையும் குடையையும் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். யாரும் கூட வரவில்லை. வரலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

விசாரணை ஒன்றரை வருடம் இழுத்தது. பள்ளிக்கும் போக முடியாது, ஓய்வு பெற்றவளும் இல்லை. தெருவில் யாராவது "ரிட்டயர் ஆயிட்டீங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்றே தெரியாது.

கடிதம் வந்த மறுநாள் மும்தாஜ் மகளோடு சேக்காட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னேன். "விசாரணைக்கு உன்னையும் கூப்பிடுவாங்க. சரியான தேதியைத்தான் சொன்னேன், டீச்சர்தான் மாத்தி எழுதினாங்கன்னு சொல்லு. அதுதான் உண்மையும். விசாரணை முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. போன் வேண்டாம். வழியில பார்த்தாலும் பேச வேண்டாம். நாம சேர்ந்துகிட்டுச் செஞ்சோம்னு யாராவது கிளப்பிவிட்டா இவ சீட்டு போயிடும்."

"இன்னா டீச்சர் இது? எங்களுக்காவ நீங்க மாட்டிகினு கீறீங்க. ஒங்களக் கண்டுக்காம போவணும்னா எப்டி?"

"போகணும். ரிஸ்வானா, உனக்குப் புரிஞ்சுதா?"

அவள் தலையாட்டினாள். ஒரு விஷயத்தை அவளுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

நான் சொன்னபடியே மும்தாஜ் விசாரணையில் சொன்னாள். விசாரணை நடந்த அலுவலக வராந்தாவில் நானும் உட்கார்ந்திருந்தேன். தலை குனிந்தபடி என்னைக் கடந்து போனாள். நான் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தாள். ஆனாலும் வலித்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு தீர்ப்பு வந்தது. கண்டனம் என்ற சிறிய தண்டனையோடு, பழைய தேதியிலேயே ஓய்வுபெற அனுமதித்தார்கள். ஒரு தாள், தபாலில் வந்தது. மும்தாஜுக்குச் சொல்லியனுப்பியிருக்கலாம். அவள் தொலைபேசி எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை? போய்ச் சொன்னால் நன்றியைக் கேட்டுப் போய் நின்றதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. அவர்களாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். வீம்பு. வேறு என்ன சொல்ல?

போன சனிக்கிழமை பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாங்காட்டுப் பேருந்துகள் நிற்கும் பக்கத்திலிருந்து விடுதிப் பையோடு ஒரு பெண் வந்தாள். நல்ல உயரம், அந்த விடுதிப் பள்ளியின் சீருடை, மூக்குக் கண்ணாடி. நான் அடையாளம் காண்பதற்குள் அவள் கண்டுவிட்டாள். முகம் மலர்ந்து இரண்டு அடி என்னை நோக்கி வைத்தாள். சட்டென்று நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், கைப்பேசியைப் பார்க்கிறவள்போல மெதுவாக வந்து, எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

"நல்லா கீறீங்களா டீச்சர்?" என்றாள், உதடு அசையாமல்.

நானும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன் என்று இப்போதும் தெரியவில்லை. "நல்லா இருக்கேன். நல்லா படிக்கிறியா?"

"ஃபர்ஸ்ட் ரேங்க் டீச்சர். அம்மா டெய்லி ஒங்களப் பத்திதான் பேசும். இன்னும் முடியலியா?"

முடிந்துவிட்டது, வாடி என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் என் பேச்சை மீறாமல் காத்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய பேருந்து வந்துவிட்டது.

"சீக்கிரம் முடிஞ்சிடும் டீச்சர். அத்தா தெனமும் துவா செய்யறாரு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள். நான் பொய் எழுதியவள்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒரு பிள்ளையிடம் பொய் சொன்னது அன்றைக்குத்தான்.